மெழுகு லினன் நூலும் கரையொதுங்கிய சிப்பியும்: நகை செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிப்பி கோத்த மாலை அறுந்துவிட்டால் எல்லோரும் முதலில் முடிச்சைத்தான் குறை சொல்வார்கள். எடுத்துப் பார்த்தால் முடிச்சு அப்படியே இருக்கும். நூல் அறுந்திருப்பது சிப்பியின் துளை விளிம்பில். கீழே வரும் பதில்கள் திரும்பத் திரும்ப அந்த விளிம்புக்கே வருவதற்குக் காரணம் அதுதான். தமிழகக் கரையில் கிடைக்கும் பொருள்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம்.

மெழுகு லினன் நூல் என்பது என்ன? பருத்தி நூலில் மெழுகு தேய்த்தால் போதாதா?

லினன் என்பது ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நார். நாம் ஆளி விதை என்று வாங்கிச் சாப்பிடுகிறோமே, அதே செடிதான். நார் நீளமானது, அதிகம் இழுபடாது, நனைந்தால் வலிமை குறைவதற்குப் பதில் சற்றுக் கூடும். புத்தகம் கட்டுவோரும் தோல் தைப்போரும் இதை விரும்புவதற்கு அந்த இழுபடாத குணமே காரணம்.

மெழுகுக்கு மூன்று வேலை. பிரிந்து நிற்கும் நாரை ஒட்டவைத்து நூலைச் சிறு துளையில் நுழைய வைக்கிறது. முடிச்சு வழுக்காமல் பிடிக்க வைக்கிறது. வியர்வையும் ஈரமும் நாருக்குள் இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. பருத்தியில் மெழுகு தேய்த்தும் செய்யலாம், பழகுவதற்கு அதுவே போதும். ஆனால் பருத்தி இழுபடும். கனமான சங்கைத் தொங்கவிட்டால் சில வாரங்களில் மாலை நீண்டுவிடும், சிப்பி விளிம்பில் சீக்கிரம் பஞ்சு பஞ்சாகப் பிரியும்.

மெழுகு இல்லாத லினன் நூல் கிடைத்தால் வீட்டிலேயே ஏற்றலாம். தேன்மெழுகுக் கட்டி ஒன்றை எடுத்து, நூலை அதன் மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு இழுங்கள். மூன்று முறை போதும். பிறகு இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் மெழுகு உள்ளே இறங்கும், மிச்சத்தைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகுவதால் பெட்டியில் மிகக் குறைந்த சூடே போதும்.

கடையில் ‘வேக்ஸ் நூல்’ என்று தந்தது லினன்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு விரற்கடை வெட்டிக் கிடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். லினன் தாள் எரிவதுபோல எரிந்து சாம்பலாகும், வாசனையும் தாள் வாசனைதான். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, நுனியில் கெட்டியான கறுப்பு உருண்டையாக நிற்கும். இங்கே கைவினைக் கடைகளில் மெழுகு நூல் என்று விற்பதில் பெரும்பகுதி பாலியெஸ்டர். அது கெட்ட நூல் அல்ல, நீர்பட்டாலும் கெடாது. ஆனால் முடிச்சு லினனில் இறுகுவதுபோல இறுகாது, நுனியைச் சுட்டு உருக்கி அடைக்க வேண்டும். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவது நல்லது.

எத்தனை இழை நூல் வாங்க வேண்டும்?

இழை எண்ணிக்கையும் தடிமனும் தயாரிப்பாளருக்குத் தக மாறும். ஏறத்தாழச் சொன்னால் 2 இழை அரை மி.மீ., 3 இழை 0.6 முதல் 0.7, 4 இழை 0.8 முதல் 1, 7 இழை 1.2-க்கு மேல். ஒன்றே ஒன்று வாங்குவதானால் 4 இழை வாங்குங்கள். மாலை, கைக்கயிறு, கொலுசு எல்லாவற்றுக்கும் அது ஈடுகொடுக்கும். காதணிக்கும் சிறு மணிக்கும் 2 அல்லது 3 இழை. 7 இழை கையில் பிடிக்க அழகாக இருக்கும், ஆனால் அதற்கு 2 மி.மீ. துளை வேண்டும்; மெல்லிய சிப்பி அவ்வளவு பெரிய துளையைத் தாங்காது.

எந்த நேரத்தில், எந்தக் கரையில் தேடினால் கிடைக்கும்?

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் அதிகம் வற்றும். வற்றிக்கொண்டிருக்கும்போது போங்கள், ஏறிக்கொண்டிருக்கும்போது வேண்டாம். சென்னைப் பக்கம் பெரிய ஏற்றவற்றமே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான், ஆகவே ஓதத்தைவிட அலையும் காற்றும்தான் பொருளைக் கொண்டுவந்து போடும். வாடைக்காலத்தில், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அலை தணிந்த முதல் இரண்டு நாள் காலையில் வங்கக் கரையோரம் நிறைய ஒதுங்கியிருக்கும். பாசியும் சருகும் குச்சியும் ஒரே கோடாகக் கிடக்கும் இடத்தைப் பாருங்கள். சிறு சிப்பியும் மிதவைக் கொட்டையும் அந்தக் கோட்டில்தான் சிக்கும்.

தை முதல் சித்திரை வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இரவில் கரையேறும் காலம். அந்த மாதங்களில் இருட்டில் விளக்கோடு கரையில் திரியவும் மேட்டுமணலைக் கிளறவும் வேண்டாம்.

கரையில் கிடப்பதுதானே, எதை எடுத்தாலும் என்ன?

இல்லை. இதில் தெரியாமல் செய்தேன் என்பது செல்லாது.

பவளம் எதையும் எடுக்கக் கூடாது. பவளப்பாறைத் துண்டு, கறுப்புப் பவளம், விசிறிபோல விரிந்த கடல்விசிறி எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. செத்து வெளுத்து மணலில் கிடந்த துண்டு என்பதால் விலக்கு கிடையாது. கடல்குதிரையும் கடல் அட்டையும் சட்டம் பாதுகாக்கும் உயிர்களே. சங்கு வகையில் தட்டையாகச் சுருண்ட ஓடுள்ள நாட்டிலஸ், கொம்புள்ள தலைக்கவசச் சங்கு, திரைட்டன் என்ற பெரிய ஊதுசங்கு, இராட்சதச் சிப்பி ஆகியவை பட்டியலில் உண்டு. விரல் நீட்டியதுபோலக் கிளைவிட்ட சங்குகளில் பல இனங்களும், சில சோழி இனங்களும், பம்பரம்போன்ற டிரோக்கஸ் சங்கும் அப்படியே. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் அட்டவணைகள் மாற்றியமைக்கப்பட்டன. பழைய பட்டியலைப் படித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் அதில் அடங்கும். அங்கிருந்து ஒரு சிறு சிப்பியைக்கூட எடுத்துவர வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. பூம்புகார், கொற்கை, அரிக்கமேடு, மாமல்லபுரம் போன்ற இடங்களில் பானை ஓடும் கண்ணாடி மணியும் தட்டுப்படலாம். நூறாண்டு கடந்த பொருள் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அந்த ஓடு கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. கழுத்தில் தொங்கினால் அது வெறும் ஓடு.

எஞ்சியதே நிறைய. மட்டி, கிளிஞ்சல், திருகாணிபோல நீண்ட சிறு சங்கு, பொத்தான் அளவில் வழவழப்பாக இருக்கும் சிறு நத்தைச் சங்கு, தேய்ந்த கண்ணாடி, கடல் ஒதுக்கிய மரத்துண்டு, கழற்சிக்காய், தேய்ந்த கூழாங்கல். பெயர் தெரியாத பெரிய சங்கு எதுவானாலும் போட்டுவிட்டு வருவது நல்ல பழக்கம்.

சங்குக்குள் உயிர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வாயில் நகம்போன்ற மூடி இறுக அடைத்திருந்தால் உள்ளே நத்தை இருக்கிறது. மூடி இல்லாமல் கால் தெரிந்தால் துறவி நண்டு. சந்தேகமாக இருந்தால் ஈர மணலில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் விலகி நில்லுங்கள். நண்டானால் நடக்கத் தொடங்கும். கூம்பு வடிவச் சங்கை மட்டும் வெறுங்கையால் எடுக்காதீர்கள். உயிருள்ள கூம்புச் சங்கு நஞ்சு முள்ளால் குத்தும், சில இனங்களின் நஞ்சு மனிதரைக் கொன்றிருக்கிறது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வது அதைவிட மோசம்.

கடல் கண்ணாடி ஏன் நம் கரையில் கூராகவே கிடைக்கிறது?

வயதும் கரையின் தன்மையும் காரணம். இங்கிலாந்தின் சீஹாம் கரையில் உருண்டையாகத் தேய்ந்த கண்ணாடி கிடைக்கிறது. அங்கே 1921-இல் மூடப்பட்ட பாட்டில் தொழிற்சாலை ஒன்று கழிவுக் கண்ணாடியைக் கடலில் கொட்டிவந்தது. ஒரு நூற்றாண்டாகக் கூழாங்கற்களோடு உருண்ட கண்ணாடி அது. நம் கரை பெரும்பாலும் மணல், கண்ணாடியும் அண்மைக்காலத்து மதுப்பாட்டில். மணலில் புதைந்து கிடக்கும் கண்ணாடி உருளாது.

முழுக்கத் தேய்ந்த துண்டு எல்லாப் பக்கமும் மங்கலாக இருக்கும், வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மேற்பரப்பில் பிறைபோலச் சிறு குழிகள் தெரியும். ஓரிடத்தில் பளபளப்பு மிச்சமிருந்தால் அது அண்மையில் உடைந்த முகம். அதை உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யலாம், ஆனால் கடல் கண்ணாடி என்று சொல்லி விற்கக் கூடாது. கூரான துண்டைத் திரும்பக் கடலில் எறியாதீர்கள். வெறுங்காலோடு வலை இழுப்பவர்கள் நடக்கும் கரை அது. தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள்.

சிப்பியை எப்படிச் சுத்தம் செய்வது? நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது.

முதல் வேலை உப்பை எடுப்பது. நல்ல தண்ணீரில் 48 மணிநேரம், காலையும் மாலையும் தண்ணீரை மாற்றி ஊறவையுங்கள். உப்பு மிச்சமிருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்து நூலை எப்போதும் நசநசவென்று வைத்திருக்கும். பித்தளை மணி கோத்திருந்தால் ஒரு மாதத்தில் பச்சை பூக்கும்.

பிறகு பழைய பல்துலக்கியும் சோப்பும். நாற்றம் இருந்தால் உள்ளே சதை ஒட்டியிருக்கிறது. ஒரு பங்கு வீட்டு ப்ளீச்சுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து இரண்டு மணிநேரம் வைத்து, கழுவி, மறுபடி ஒரு நாள் தண்ணீரில் ஊறவையுங்கள். ப்ளீச்சோடு வினிகரோ ஆசிட்டோ எலுமிச்சையோ ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். நாற்றம் அப்படியும் போகாவிட்டால் அந்தச் சங்கின் சுருளுக்குள் எட்டாத இடத்தில் சதை இருக்கிறது என்று பொருள். தொட்டிச் செடி மண்ணில் ஒரு மாதம் புதைத்துவிடுங்கள், மண்ணே தின்று முடிக்கும்.

கடைச் சிப்பிபோலப் பளபளக்க வேண்டும் என்று கழிவறை ஆசிட்டில் முக்குபவர்கள் உண்டு. வேண்டாம். சிப்பி சுண்ணாம்பு, ஆசிட் அதைக் கரைக்கிறது. பளபளப்பு ஒரு நாள், பிறகு மாவுபோல உதிரும், துளை போடும் இடமும் பலவீனப்படும். வினிகரும் அதே வேலையை மெதுவாகச் செய்யும். நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் குழந்தைகளுக்குத் தேய்க்கும் கனிம எண்ணெய் ஒரு சொட்டு தடவித் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

துளை போடாமலே கோக்கக்கூடிய சிப்பி உண்டா?

உண்டு, தேடத் தெரிந்தால் நிறைய உண்டு. மட்டி ஓட்டின் முனைக்கு அருகே, எந்திரத்தில் போட்டதுபோல ஒழுங்கான வட்டத் துளை இருக்கும். வெளிப்பக்கம் அகலமாகவும் உள்ளே குறுகியும் கிண்ணம்போல் சரிந்திருக்கும். நிலாச் சங்கு என்ற இரைகொல்லி நத்தை மட்டியைத் தின்பதற்காகப் போட்ட துளை அது. வரிவரியாக மேடுள்ள தடித்த மட்டிகளில் முனை மணலில் தேய்ந்து தானாகத் துளை விழுந்திருக்கும். இந்த இரண்டாம் வகையை நாங்கள் மிகவும் விரும்புகிறோம், ஏனென்றால் விளிம்பு ஏற்கெனவே மழுங்கியிருக்கும். நத்தைத் துளையின் உட்பக்கம் மட்டும் சற்றுக் கூராக இருக்கும், உப்புத்தாளைச் சுருட்டி நுழைத்துத் திருகினால் போதும்.

துளை போடும்போது சிப்பி உடைந்துவிடுகிறது. என்ன தவறு செய்கிறேன்?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று: அழுத்துகிறீர்கள், காய்ந்த நிலையில் போடுகிறீர்கள், ஓரத்துக்கு மிக அருகில் போடுகிறீர்கள்.

ஓரத்திலிருந்து குறைந்தது 3 மி.மீ. உள்ளே தள்ளி, தடிப்பான இடமாகப் பார்த்து பென்சிலால் குறியுங்கள். 1 மி.மீ. நூலுக்கு 1.5 மி.மீ. துளை, நூல் இரண்டு முறை நுழைவதானால் 2 மி.மீ. மெல்லிய கிளிஞ்சலுக்கு மின்சாரமே வேண்டாம். விரலால் திருகும் கைத்துளைப்பானில் 1 மி.மீ. பிட் மாட்டி, தண்ணீர் சொட்டுவிட்டுத் திருகினால் இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடியும். தடித்த சங்குக்கும் கண்ணாடிக்கும் வைரத்தூள் பூசிய பிட்டும் சிறு சுழல் எந்திரமும் தேவை.

ஆழமில்லாத தட்டில் பழைய ரப்பர் செருப்புத் துண்டு ஒன்றை வைத்து, அதன் மேல் பொருளை வைத்து, பொருள் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். மின்கம்பியில் மாட்டும் எந்திரத்தைத் தண்ணீருக்கு அருகே கொண்டுபோகக் கூடாது. பேட்டரியில் ஓடுவதை வாங்குங்கள். பிட்டை முதலில் 45 பாகை சாய்த்துப் பிடித்துச் சிறு பள்ளம் விழவையுங்கள், பிறகு மெல்ல நிமிர்த்துங்கள். நேராக வைத்துத் தொடங்கினால் கண்ணாடியில் பிட் வழுக்கி ஓடிக் கோடு போட்டுவிடும். குறைந்த வேகம், எந்திரத்தின் எடையே அழுத்தம். பத்து விநாடிக்கு ஒரு முறை பிட்டைத் தூக்கி, துளைக்குள் தண்ணீர் போகவிடுங்கள். வெண்மையான பால்போன்ற கரைசல் வந்துகொண்டே இருந்தால் வேலை நடக்கிறது. நின்றுவிட்டால் பிட் தேய்ந்திருக்கும் அல்லது துளை அடைத்திருக்கும்.

முக்கால் ஆழம் போனதும் திருப்பி மறுபக்கத்திலிருந்து போட்டுச் சேருங்கள். ஒரே பக்கமாக முழுக்கத் துளைத்தால் வெளியேறும் இடத்தில் சில்லு தெறித்துக் கிண்ணம்போலப் பெயரும்.

தூளை மூச்சில் இழுக்காதீர்கள். தண்ணீர் பெரும்பகுதியை அடக்கும், ஆனாலும் என்95 முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள். காய்ந்த தூளை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

துளை போட்டாயிற்று. நூல் கோக்கலாமா?

இன்னும் இல்லை. புதுத் துளையின் விளிம்பு கத்தி. நூலில் தொங்கும் சிப்பி நடக்கும்போதெல்லாம் ஆடும், ஒவ்வோர் ஆட்டத்திலும் அந்த விளிம்பு நூலை ஒரு முறை அறுக்கும். லினன் இழுபடாத நார் என்பதால் விட்டுக்கொடுத்துத் தப்பிக்கவும் அதற்கு வழி இல்லை.

துளையைவிட ஒரு மி.மீ. பெரிய உருண்டைத் தலை வைர பிட்டால் இரு பக்கமும் விளிம்பைச் சரித்துவிடுங்கள். பிட் இல்லையென்றால் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளான கறுப்பு வாட்டர் பேப்பரை 400, 800, 1200 என்று சொரசொரப்பு குறையும் வரிசையில் மெல்லிய குழலாகச் சுருட்டி, நனைத்துத் துளைக்குள் திருகுங்கள். முடிந்ததும் சோதனை: அதே நூலில் ஒரு துண்டைத் துளையில் நுழைத்து, இரு முனையையும் பிடித்து, விளிம்பில் சாய்த்து அழுத்தி ஐம்பது முறை முன்னும் பின்னும் இழுங்கள். நூலில் பஞ்சு கிளம்பினால் மறுபடி தேயுங்கள். பஞ்சு கிளம்பாவிட்டால்தான் அந்தச் சிப்பி கோக்கத் தயார்.

துளையே போட முடியாத கல்லையும் கண்ணாடியையும் எப்படித் தொங்கவிடுவது?

வலைபோட்டு. 3 செ.மீ. அகலக் கூழாங்கல்லுக்குக் கணக்கு இது. 4 இழை நூலில் 160 செ.மீ. நீளத்தில் இரண்டு, 60 செ.மீ. நீளத்தில் இரண்டு வெட்டுங்கள். நான்கையும் நடுவில் மடித்து, மடிப்புக்குக் கீழே எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முடிச்சு போடுங்கள். இப்போது எட்டு இழை தொங்கும். இந்த முடிச்சுதான் கல்லின் அடியில் உட்காரும்.

எட்டையும் இரண்டிரண்டாகப் பிரித்து நான்கு சோடி ஆக்குங்கள். நடுமுடிச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளி ஒவ்வொரு சோடியிலும் ஒரு முடிச்சு. அடுத்த சுற்றில் ஒரு சோடியிலிருந்து ஓர் இழையும் பக்கத்துச் சோடியிலிருந்து ஓர் இழையும் எடுத்து, மறுபடி 1 செ.மீ. தள்ளி முடியுங்கள். இதை மீனவர்கள் வலை பின்னும் முறை என்றே நினைத்துக்கொள்ளலாம், கண் கண்ணாக விரியும். இரண்டாம் சுற்று முடிந்ததும் கல்லை உள்ளே வைத்து, அதன் மேலேயே மூன்றாம் சுற்றை இறுக்கமாகப் போடுங்கள். பிறகு எட்டு இழையையும் கல்லின் தலையில் கூட்டி ஒரே முடிச்சு.

நீளமான நான்கு இழையில் இரண்டு இடப்பக்கம், இரண்டு வலப்பக்கம் கழுத்துக்குப் போகும். குட்டையான நான்கில் ஒன்றைத் தலைமுடிச்சின் மேல் ஆறேழு சுற்று சுற்றி, நுனியைச் சுற்றுக்கு அடியில் ஊசியால் இழுத்து, மற்றவற்றோடு சேர்த்து 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

கல் நழுவி விழுகிறது என்றால் கண் பெரிதாக இருக்கிறது. முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி கல்லின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, பாதியைத் தாண்டவே கூடாது. வழவழப்பான முட்டை வடிவக் கல்லுக்கு இன்னும் நெருக்கம் வேண்டும். இடுப்பு ஒடுங்கிய கல்லோ சற்றுக் கோணலான கண்ணாடியோ கிடைத்தால் முதலில் அதில் பழகுங்கள்.

மாலைக்கு எவ்வளவு நூல் வெட்ட வேண்டும்?

1 மி.மீ. நூலில் ஒரு சாதாரண முடிச்சு ஏறத்தாழ 1 செ.மீ. நூலை விழுங்கும். 45 செ.மீ. மாலையில் 20 மணி, 21 முடிச்சு என்றால் 45-உம் 21-உம் சேர்ந்து 66. கழுத்துக்குப் பின்னால் முடிய இரு பக்கமும் 20 செ.மீ. விட்டால் 106. ஆகவே 120 செ.மீ. வெட்டுங்கள். மிஞ்சினால் பரவாயில்லை, குறைந்தால் ஒட்டுப்போட வழி கிடையாது. சதுரப் பின்னல் போட்ட கைக்கயிறு என்றால் பின்னும் நூல் ஒவ்வொன்றும் கயிற்று நீளத்தைப்போல ஐந்து மடங்கு வேண்டும்.

மணியை ஒட்டி முடிச்சு விழ வேண்டுமானால் முடிச்சைத் தளர்வாகப் போட்டு, அதன் நடுவே ஊசியை நுழைத்து, ஊசியாலேயே மணிவரை தள்ளிக்கொண்டுபோய், ஊசியை உருவியபடி இறுக்குங்கள். மெழுகு நூலில் இறுகிய முடிச்சைப் பிரிப்பது கடினம் என்பதால் இறுக்கும் முன் இடத்தைப் பார்த்துவிடுங்கள். துளை பெரிதாகி முடிச்சு உள்ளே நழுவினால் இரண்டு சுற்றுச் சுற்றி முடியுங்கள், அல்லது துளையின் வாயில் ஒரு சிறு மணியைத் தடையாக வையுங்கள்.

கொக்கி இல்லாமல் எப்படி முடிப்பது?

சறுக்கு முடிச்சு போடுங்கள். கடல் பொருளுக்கு உலோகக் கொக்கியைவிட இது பொருத்தம், துருவும் பச்சையும் கிடையாது. இரு நுனியையும் எதிரெதிராக 15 செ.மீ. ஒன்றின் மேல் ஒன்று படுக்கவையுங்கள். வலப்பக்க நுனியைத் திருப்பி ஒரு வளையம் விட்டு, அந்த வளையத்தோடு மற்ற நூலையும் சேர்த்து நான்கு சுற்று சுற்றி, நுனியை வளையத்துக்குள் விட்டு இழுங்கள். இடப்பக்கமும் அப்படியே. இரண்டையும் விலக்கினால் மாலை சுருங்கும், நெருக்கினால் பெரிதாகும்.

மெழுகு பிடிப்பதால் முதலில் நகர மறுக்கும். விரலால் தேய்த்துச் சூடாக்குங்கள். அப்படியும் நகராவிட்டால் ஒரு சுற்றைக் குறையுங்கள். தானாக நழுவினால் ஒரு சுற்று கூட்டுங்கள். முழுக்க விரித்தபோது 60 செ.மீ. சுற்றளவாவது வராவிட்டால் தலை நுழையாது, இதை வெட்டும்போதே யோசியுங்கள்.

நுனியைத் தீயில் சுடலாமா? பசை வைக்கலாமா?

லினன் உருகாது, கருகும். சுடாதீர்கள். பசையும் வேண்டாம். மெழுகின் மேல் உடனடிப் பசை சரியாகப் பிடிக்காது, பிடித்த இடத்தில் நூல் குச்சிபோல விறைத்து, வளையும்போது அங்கேயே ஒடியும்.

நூலின் மேல் வெள்ளைத் தூள் படிகிறது. பூஞ்சையா?

நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல வழிந்தால் அது மெழுகுதான். முடி உலர்த்தும் எந்திரத்தின் இளஞ்சூட்டை அரை நிமிடம் காட்டினால் மறையும். கறுப்பு அல்லது சாம்பல் புள்ளியாக, மண்வாடையோடு இருந்தால் பூஞ்சை. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடியதால் வருவது. புள்ளி நாருக்குள் இறங்கிவிட்டால் நூலை மாற்றுவதே வழி. துணிப்பையில் வையுங்கள், சிலிக்கா பொட்டலம் ஒன்றைக் கூடப் போடுங்கள். நிறுத்திய காருக்குள் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகித் துணியில் ஒட்டும்.

சாய நூலானால் ஈர வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் ஏறினால் வியர்வையிலும் ஏறும், வெள்ளைச் சட்டைக்காரர் கழுத்தில் போடக் கூடாது.

போட்டுக்கொண்டு குளிக்கலாமா?

எப்போதாவது நனைந்தால் ஒன்றும் ஆகாது. தினமும் சோப்பும் வெந்நீரும் பட்டால் மெழுகு போய்விடும், மெழுகு போன நார் ஈரத்திலேயே கிடந்து மக்கும். குளிக்கும் முன் கழற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேன்மெழுகுக் கட்டியில் நூலைத் தேய்த்து விரலால் நீவிவிடுங்கள்.

கழற்சிக்காயை மணியாகக் கோக்கலாமா?

தாராளமாக. கடலில் மிதந்து கரையேறும் அந்தச் சாம்பல்நிறக் கொட்டை கடினமானது, வழவழப்பானது, தண்ணீர் இறங்காதது. சாதாரண இரும்பு பிட்டே போதும், 1.5 மி.மீ. காய்ந்த நிலையிலேயே போடலாம். உருளும் என்பதால் கையில் பிடித்துத் துளைக்காதீர்கள், மரப்பலகையில் ஒரு குழி செய்து அதில் உட்காரவையுங்கள். துளை வழியே உள்ளிருக்கும் பருப்பைக் கம்பியால் கிண்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூச்சி வரும்.

கரையில் கிடக்கும் வெள்ளை பிளாஸ்டிக் குருணைகளை மணியாகப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். 2021-இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்தும், 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலிலிருந்தும் சிந்தியவை போன்ற குருணைகள் அவை, பிளாஸ்டிக் பொருள் வார்ப்பதற்கான மூலப்பொருள். கடலில் மிதக்கும்போது நீரிலுள்ள நச்சுப்பொருள்களை ஒட்டவைத்துக்கொள்ளும். தோலில் படும் நகைக்கு ஆகாது. கையுறையோடு பொறுக்கிக் குப்பையில் சேர்த்தால் கரைக்கு நல்லது.

குழந்தைக்குச் செய்து போடலாமா?

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கழுத்திலோ கையிலோ எதுவும் வேண்டாம். மணி தொண்டையில் சிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து இந்த நூலின் வலிமைதான்: எங்காவது மாட்டினால் லினன் அறுந்து விடுவிக்காது, கழுத்தை இறுக்கும். பெரிய பிள்ளைகளுக்குச் செய்தாலும், இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பாதுகாப்புக் கொக்கி வைத்துச் செய்யுங்கள், தூங்கும்போதும் விளையாடும்போதும் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

விற்பதானால் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒவ்வொரு துண்டும் எந்தக் கரையில், எந்த மாதம் கிடைத்தது என்று சிறு அட்டையில் எழுதி வையுங்கள். வாங்குபவர் விரும்பிப் படிப்பார், யாராவது கேட்டால் உங்களுக்கும் கையில் விடை இருக்கும். சுற்றுலா ஊர்க் கடைகளில் மூட்டையாக விற்கும் பளபளப்பான சங்குகளை வாங்கிக் கோத்து, கரையில் பொறுக்கியது என்று சொல்லாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை உயிரோடு பிடித்து, ஆசிட்டில் வெளுத்தவை. வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் சிப்பி, சங்கு எதையும் இனம் உறுதியாகத் தெரியாமல் பொட்டலம் கட்டாதீர்கள், சுங்கத்தில் பிடிபட்டால் அனுப்பியவரும் வாங்கியவரும் இருவருமே பதில் சொல்ல வேண்டும். கண்ணாடியும் கூழாங்கல்லும் கழற்சிக்காயும் விலங்குப் பொருள் அல்ல என்பதால் வனவிலங்குச் சட்டச் சிக்கல் குறைவு. ஆனால் விதைக்கும் மரத்துண்டுக்கும் பல நாடுகளில் தாவர நோய்த்தடுப்புச் சோதனை உண்டு. போய்ச்சேரும் நாட்டின் விதியை முதலில் பாருங்கள்.